தண்ணீரைத் தானாக நிறுத்தும் வால்வு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தரையில் தண்ணீர் பட்டதும் ஒலி எழுப்பும் கசிவு சென்சார்களைப் பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்: வீட்டில் ஆளில்லாத நேரத்தில் சென்சார் கத்தி என்ன பயன், தண்ணீரை யார் நிறுத்துவது? நியாயமான கேள்வி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் தானாக மூடிக்கொள்ளும் வால்வுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு எங்களுடையது. இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தபோது, கழிவறையில் உள்ள ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் வெடித்து, கீழ் வீட்டு மேற்கூரையும் அவர்களது மர அலமாரியும் பாழாகிவிட்டன. இனி அப்படி நேராதிருக்க, மெயின் லைனில் ஒரு தானியங்கி வால்வு போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: வால்வை வாங்கும் முன், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை குழாய்கள் வழியாக வருகிறது என்று எண்ணிவிடுங்கள். கடைக்காரர் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இந்த வால்வுகளோடு வரும் விளக்கப் படங்களில், தெருவிலிருந்து ஒரே ஒரு குழாய் வீட்டுக்குள் நுழையும். மீட்டரை அடுத்து அதில் ஒரு வால்வைப் பொருத்தினால் வீடு முழுவதும் அடங்கிவிடும். நம் ஊரில் தண்ணீர் சம்ப்பிலிருந்து மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து பல கிளைகளாக இறங்குகிறது. சமையலறைக்கு ஒன்று, பொதுக் குளியலறைக்கு ஒன்று, படுக்கையறையோடு சேர்ந்த குளியலறைக்கு ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று என்று மூன்று, நான்கு இணைப்புகள் இருப்பது சாதாரணம். அவற்றில் ஒன்றில் மட்டும் வால்வைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போனால், மற்ற மூன்றும் முன்பு போலவே காவலின்றித்தான் இருக்கும்.

எண்ணுவது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கத்திடம் சொல்லிவிட்டு, ஒருவர் மொட்டை மாடியில் தொட்டிக்கு அடியில் நிற்கட்டும். இன்னொருவர் கைப்பேசியோடு வீட்டுக்குள் இருக்கட்டும். மேலே ஒரு வால்வை மூடியதும், கீழே எல்லாக் குழாய்களையும் திறந்து, எவை வற்றுகின்றன என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் வடியச் சற்று நேரம் ஆகும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மேலே உள்ள வால்வுகளின் கைப்பிடிகளில் பெயின்ட்டால் அடையாளம் போட்டுவிட்டு வாருங்கள். தானியங்கி வால்வே வாங்காவிட்டாலும் அது ஒரு நாள் கைகொடுக்கும்.

அப்போது இன்னொன்றும் தெரியவரும். அடுக்குமாடியில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் உரியதாக இராது. ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ள எல்லா வீடுகளின் குளியலறைகளுக்கும் அதே குழாயிலிருந்துதான் கிளை பிரிகிறது. பொதுக் குழாயில் உங்கள் வால்வு இருந்தால், உங்கள் சென்சார் ஒலிக்கும்போது கீழ் வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு நிற்பார். எனவே வால்வு, கிளை பிரிந்த பிறகு உங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் தரும் பகுதியில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் சில கட்டடங்களில் வெளிப்புற டக்ட்டுக்குள் (குழாய்கள் இறங்கும் இடுக்கு) இருக்கும், சிலவற்றில் குளியலறைச் சுவரில் பதித்த கன்சீல்டு வால்வை ஒட்டி இருக்கும். டக்ட்டுக்குள் வேலை செய்யச் சங்கத்தின் அனுமதி தேவை. தீயணைப்புக் குழாய் எதையும், அது உங்கள் சுவரை ஒட்டி ஓடினாலும், தொடவே கூடாது.

நான்கு கிளைகளிலும் ஒரே சமயத்தில் வால்வு போட முடியாவிட்டால், ஹோஸ் இருக்கும் கிளைகளிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குள் திடீரெனப் பிளப்பவை பெரும்பாலும் சுவருக்குள் உள்ள குழாய்கள் அல்ல. ஹெல்த் ஃபாசெட் ஹோஸ், ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் இணைப்பு ஹோஸ், வாஷ் பேசினுக்குக் கீழ் உள்ள ஹோஸ், வாஷிங் மெஷின் ஹோஸ், ஆர்.ஓ. கருவியின் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஆகியவைதான். ஹெல்த் ஃபாசெட்டில் கைப்பிடியை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆனால் பின்னால் சுவரில் உள்ள ஆங்கிள் காக் என்ற சிறு வால்வு திறந்தே இருந்தால், அழுத்தம் முழுவதையும் இரவும் பகலும் அந்த ஹோஸ் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஊருக்குப் புறப்படும்போது அந்தச் சிறு வால்வைக் கையால் மூடுவதற்குப் பணம் எதுவும் செலவில்லை.

உங்களுக்கு நேர்ந்த இழப்பின் அளவைப் பாருங்கள். அறுந்த அரை அங்குல ஹோஸில் நிமிடத்துக்கு 8 லிட்டர் போனால் மணிக்கு 480 லிட்டர். இரண்டு நாளில் 23,040 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய இரண்டு. மாடித் தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் தானாக ஓடி நிரப்பிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த நகரம் இது. கீழ் வீட்டு அலமாரியைப் போலவே இந்தத் தண்ணீரும் எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட தனி வீடு. சாலினாய்டு (மின்காந்தச் சுருள்) வால்வு மலிவாகக் கிடைக்கிறது. மோட்டார் வைத்த பால் (ball, பந்து) வால்வு விலை கூடுதலாக இருக்கிறது. இரண்டும் தண்ணீரை நிறுத்தத்தானே செய்கின்றன, மலிவானதை வாங்கினால் என்ன?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மோட்டார் வைத்த பால் வால்வையே வாங்குங்கள். காரணம் உங்கள் மாடித் தொட்டியின் உயரம்.

கடைகளில் கிடைக்கும் சாலினாய்டு வால்வுகளில் பெரும்பாலானவை தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே திறப்பவை. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு சிறு துளை மட்டும் திறக்கிறது. அதன் வழியே ரப்பர் சவ்வின் மேற்புற அழுத்தம் வடிந்த பிறகு, கீழ்ப்புறத்துத் தண்ணீர் சவ்வைத் தூக்கி வழிவிடுகிறது. தூக்குவதற்குப் போதிய அழுத்தம் இல்லையென்றால் சவ்வு எழாது, அல்லது அரைகுறையாக எழும். இதற்குப் பல வால்வுகள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை கேட்கின்றன. தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் கிடைக்கும். உங்கள் முதல் மாடிக் குளியலறையிலிருந்து தொட்டியின் தண்ணீர் மட்டம் இரண்டு அல்லது மூன்று மீட்டர்தான் உயரம். ஆக அங்கே உள்ளது 0.2 அல்லது 0.3 பார். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் தண்ணீர் எடுக்க அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள்ளும் இருப்பது இதே வகை வால்வுதான். அழுத்தமே இல்லாமல் இயங்கும் சாலினாய்டுகளும் உண்டு. ஆனால் எந்த வகையானாலும், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் சாலினாய்டைத் திறந்து வைத்திருக்க நாள் முழுவதும் சுருளுக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். சுருள் சூடாகிக்கொண்டே இருக்கும்.

பால் வால்வில் நடுவே துளையிட்ட ஓர் உலோகப் பந்து கால் சுற்றுத் திரும்புகிறது, அவ்வளவுதான். திரும்பும் சில நொடிகளுக்கு மட்டுமே மின்சாரம் தேவை. பிறகு விட்ட நிலையிலேயே நிற்கும். அழுத்தம் குறைவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். பந்தின் துளை குழாயின் உள்விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். துளையைக் குறுக்கிய மலிவு வகையைப் போட்டால், ஏற்கெனவே மெல்ல விழும் ஷவர் இன்னும் மெலிந்துவிடும். மின்சாரம் இல்லாதபோது கையால் திருப்ப ஒரு குமிழோ சாவியோ இருக்க வேண்டும். 12 வோல்ட் டி.சி.யில் இயங்குவதாக இருக்க வேண்டும். ஈரமான இடத்தில் 230 வோல்ட்டைக் கொண்டுபோய் வைக்க எந்த அவசியமும் இல்லை.

மாடியில் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஓட்டம் நின்றதும் தானே அணையும் ஸ்விட்ச் அந்தப் பம்பில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால், வால்வு மூடிய பிறகும் பம்ப் அடைத்த குழாயை எதிர்த்து ஓடி, உள்ளே உள்ள கொஞ்சத் தண்ணீரைச் சூடாக்கித் தானும் கெட்டுப்போகும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் முனையில் வெள்ளைப் படிவு கட்டுகிறது. இந்த வால்வு எத்தனை நாள் தாங்கும்? பொருத்தும்போது பிளம்பரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உப்புத் தண்ணீரில் வால்வைக் கெடுப்பது அதை அசைக்காமல் விடுவதுதான். இரண்டு ஆண்டுகள் திறந்த நிலையிலேயே விடப்பட்டிருந்த ஒரு வால்வை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். துளையின் உட்புறமும், தண்ணீர் ஓடிய பக்கத்து விளிம்பும் வெண்மையாகக் காரை பூசியது போல இருந்தன. விரலால் தடவினால் உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரத்தது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் முனகியது, பந்து நகரவில்லை. மூட வேண்டிய ஒரே நாளில் மூடாத வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஆகவே வாரம் ஒருமுறை, யாரும் தண்ணீர் பயன்படுத்தாத விடியற்காலை மூன்று மணிக்கு, வால்வு ஒருமுறை முழுதாக மூடித் திறக்கும்படி அட்டவணை போட்டுவிடுங்கள். பந்து, தான் பொருந்தியிருக்கும் வளையமான இருக்கையோடு உரசும்போது புதிதாகப் படிந்த உப்பு வழித்துவிடப்படும். முழுதாக மூடியதா, முழுதாகத் திறந்ததா என்று திருப்பிச் சொல்லும் கம்பிகள் கொண்ட வால்வாக இருந்தால், பந்து சிக்கிக்கொள்ளத் தொடங்கியதும் அறிவிப்பு கிடைக்கும். ஈரோட்டுத் தண்ணீருக்கு அந்தக் கூடுதல் விலை தகும் என்பது என் கருத்து.

பிளம்பரிடம் முதலில் சொல்ல வேண்டியது பைபாஸ். தானியங்கி வால்வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சாதாரணக் கை வால்வு. அந்த மூன்றையும் சுற்றிக்கொண்டு போகும் கிளையில் இன்னொரு கை வால்வு. தானியங்கி வால்வு பழுதானால், இரு பக்கத்தையும் மூடிவிட்டுச் சுற்றுக் கிளையைத் திறந்தால் வீட்டுக்குத் தண்ணீர் வரும். வால்வைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். கழற்ற வசதியாக இரு பக்கமும் யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றக்கூடிய மரை இணைப்பு) இருக்க வேண்டும். முன்பக்கம் ஒரு வடிகட்டி வையுங்கள். போர் தண்ணீரோடு வரும் மணல் பந்தின் இருக்கையைக் கீறிவிடும்.

வெளிப்புறக் குழாய் யு.பி.வி.சி., உட்புறம் சி.பி.வி.சி. என்று இரு வகைப் பிளாஸ்டிக்காகப் பல வீடுகளில் இருக்கும். இரண்டையும் முக்கால் அங்குலம் என்றே சொன்னாலும் வெளிவிட்டம் வேறு வேறு. ஒன்றின் இணைப்பு மற்றொன்றில் சேராது. பசையை அப்பி ஒப்பேற்ற விடாதீர்கள். வால்வோடு சேரும் இரு முனைகளிலும் பித்தளை மரை பதித்த இணைப்பையே கேளுங்கள். பிளாஸ்டிக் பெண் மரைக்குள் உலோக ஆண் மரையை இறுக்கினால், அன்று நன்றாகத்தான் இருக்கும், சில மாதம் கழித்து மயிரிழையாக விரிசல் விடும். வால்வின் எடை குழாயில் தொங்கக் கூடாது; சுவரில் கிளாம்ப் போட்டுத் தாங்க வேண்டும். ஒட்டிய இணைப்புகளை ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் முதலில் பைபாஸ் வழியாக மட்டும் தண்ணீரைத் திறந்து, அறுத்தபோது விழுந்த பிளாஸ்டிக் துகள்களெல்லாம் வெளியேறும்வரை ஓடவிடுங்கள். அதன் பிறகே புது வால்வுக்குள் தண்ணீர் போகட்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல், முதல் நாளே துகள் சிக்கிக் கெட்டுப்போன வால்வுகள் உண்டு.

கேள்வி: கெய்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வு மூடிக்கொண்டால் வெடித்துவிடுமோ என்று என் மனைவி அஞ்சுகிறார்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தேக்கி வைத்துச் சூடாக்கும் கெய்சரில், வெந்நீர் மேல் மட்டத்திலிருந்துதான் வெளியேறுகிறது, வரத்து நின்றாலும் உள்தொட்டி நிறைந்தே இருக்கும், தெர்மோஸ்டாட் வழக்கம் போல அணைக்கும். ஆனால் குளிர்நீர் வரும் வழியில், தண்ணீர் பின்னோக்கி வடியாமல் தடுப்பதும் மிகை அழுத்தத்தை வெளிவிடுவதுமான பாதுகாப்பு வால்வு இருந்தே ஆக வேண்டும். கெய்சரோடு கொடுத்த அந்தச் சிறு பித்தளைத் துண்டை, சொட்டுகிறது என்பதற்காகச் சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. கெய்சருக்கும் அந்தப் பாதுகாப்பு வால்வுக்கும் இடையில் மட்டும் எதையும் பொருத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் இயங்கும் கசிவு சென்சார்கள் ஆறு வாங்கி, குளியலறைகளிலும் வைத்தேன். குளிக்கும்போதெல்லாம் வால்வு மூடிக்கொள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் எரிச்சலடைந்து, எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். விதிகளை எப்படி எழுதுவது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: குளியலறையில் வைத்த சென்சார்களை இன்றே எடுத்துவிடுங்கள். வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டில் குளியலறைத் தரை நனைவதுதான் இயல்பு. அங்கே ஈரத்தைக் கண்டு அலறும் கருவி தவறான இடத்தில் இருக்கிறது. இந்தச் சென்சார்களின் அடியில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளைத் தண்ணீர் இணைத்தால் மின்னோட்டம் பாயும், அதற்கு மேல் அவற்றுக்கு எதுவும் தெரியாது. எப்போதும் உலர்ந்திருக்க வேண்டிய இடங்களே அவற்றுக்கு உரியவை: சமையலறை சிங்க்குக்குக் கீழ் உள்ள அலமாரி, ஆர்.ஓ. கருவியின் அடி, வாஷிங் மெஷினின் பின்புறம், கூடத்து வாஷ் பேசினின் அடி.

குளியலறைக் குழாயைக் காக்க வேறு வழி வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு நேரம் இடைவிடாமல் ஓடுகிறது என்பதை. நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது குழாய் வெடிப்பு அல்ல. தொட்டி காலியான நேரத்தில் குழாயைத் திறந்து பார்க்கிறோம், வெறும் காற்று வருகிறது, திறந்தது நினைவில்லாமல் அலுவலகத்துக்குப் போய்விடுகிறோம். பிறகு மோட்டார் போடப்படுகிறது, அல்லது மின்சாரம் வந்து தானாக ஓடுகிறது, ஆளில்லாத வீட்டில் அந்தக் குழாய் தொட்டி தீரும்வரை கொட்டுகிறது. கசிவு சென்சாருக்கு இது புரியாது, தண்ணீர் தரை வடிகாலில் போய்விடும்.

வாங்க எளிதான ஓட்டமானி ஒய்எஃப்-எஸ்201. உள்ளே ஒரு சிறு சக்கரம் சுழன்று, லிட்டருக்கு ஏறக்குறைய 450 துடிப்புகள் தருகிறது. நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் குறைந்த ஓட்டத்தை நம்பகமாக அளக்காது, 10 சதவீதம் வரை பிழையும் உண்டு. சொட்டும் குழாயைக் கண்டுபிடிக்க அது உதவாது. திறந்து விட்ட குழாயைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் அது அரை அங்குல அளவு, மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் ஓட்டத்தை மேலும் குறைக்கும். உங்களுடையது தனி வீடாக இருந்தால் நான் விரும்புவது வேறொன்று: மாடித் தொட்டியின் மூடியில் நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார். எத்தனை குழாய்கள் இறங்கினாலும் எல்லாவற்றின் கணக்கும் தொட்டியின் மட்டத்தில் வந்துவிடுகிறது. 1 மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். நீர்புகாத வகைச் சென்சார்கள் பல, 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்கமாட்டா. ஆகவே நிறைந்த தண்ணீருக்கு மேல் அவ்வளவு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

இனி விதிகள். 20 லிட்டர் வாளி, நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் இரண்டரை நிமிடத்தில் நிறையும். ஷவரில் குளிப்பவர் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். எனவே பகலில் இடைவெளியே இல்லாமல் 30 நிமிடம் தண்ணீர் ஓடினால் எச்சரிக்கை ஒலி, அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் வால்வு மூடல் என்று வையுங்கள். நள்ளிரவு முதல் காலை நான்கு மணி வரை பத்து நிமிடம் போதும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், எல்லோரும் வெளியேறியதும் கால் மணி நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளட்டும். அப்போது எதையும் அளந்துகொண்டிருக்கத் தேவையே இல்லை. விருந்தாளிகள் வந்த நாளிலும் தொட்டி கழுவும் நாளிலும் கண்காணிப்பை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் வேண்டும். அழுத்தினால் மூன்று மணி நேரம் கழித்துக் கண்காணிப்பு தானே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அது என்றைக்கும் நின்றபடியே கிடக்கும்.

உலர்ந்த இடத்துச் சென்சார் ஈரமாகிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே மூடட்டும். அதோடு மோட்டாரையும் நிறுத்துங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மாடித் தொட்டி இறங்குவதைப் பார்த்துத் தானாக ஓடும் மோட்டார், நீங்கள் காக்காத வேறொரு கிளை வழியாகச் சம்ப் முழுவதையும் வெளியே இறைத்துவிடும்.

ஒரு விதியில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வால்வு தானாக மூடலாம். தானாகத் திறக்கக் கூடாது. சென்சார் காய்ந்ததும் திறக்கட்டும் என்று எழுதிவிட்டால், துணியால் துடைத்த மறுநொடியே அறுந்த ஹோஸில் மீண்டும் தண்ணீர் பாயும், அல்லது பேட்டரி தீர்ந்து மௌனமான சென்சாரைக் காய்ந்துவிட்டது என்று பொருள்கொண்டு வால்வு திறக்கும். ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன வாராந்திரப் பயிற்சி ஒன்றே இதற்கு விலக்கு. அதுவும், வால்வு ஏற்கெனவே எச்சரிக்கையால் மூடப்பட்டிருந்தால் அந்த வாரம் நடக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பிராட்பேண்ட் கேபிளை ரவுட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒரு கரண்டி தண்ணீரை எடுத்துச் சிங்க்குக்குக் கீழ் உள்ள சென்சாரின் அடியில் ஊற்றுங்கள். வால்வு மூடினால் உங்கள் அமைப்பு வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கிறது. மூடாவிட்டால், விதி எங்கோ வெளியே உள்ள ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள் கொண்டுவந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் அடிக்கடி மின்தடை. மின்சாரம் போனால் வால்வு என்ன ஆகும்?
– ஒரு வாசகி, திருமங்கலம், மதுரை மாவட்டம்

பதில்: சாதாரண மோட்டார் பால் வால்வு இருந்த நிலையிலேயே நிற்கும். மின்சாரம் போனதும் தானாக மூடும் வகையும் விற்கிறார்கள். ஒவ்வொரு மின்தடைக்கும் குழாய் வற்றிப்போவதை நம் வீடுகளில் யாரும் பொறுக்கமாட்டார்கள் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. வால்வின் 12 வோல்ட் அடாப்டர், ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கருவி, ரவுட்டர் ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். நான்காவது ஒன்றும் உண்டு. கசிவு சென்சார்கள் பேட்டரியில் ஓடினாலும், தூரத்து அறையில் உள்ள சென்சாரின் செய்தியை ஜிக்பீ கட்டமைப்பில் பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட் பிளக்தான் வாங்கி அனுப்புகிறது. அந்த பிளக் இன்வெர்ட்டர் இல்லாத சாக்கெட்டில் இருந்தால், மின்தடையின்போது சென்சார் கத்துவது சமையலறையைத் தாண்டாது. வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, மேலே சொன்ன கரண்டிச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். குழாயை அறுக்க உரிமையாளர் சம்மதிக்கமாட்டார்.
– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: ஏற்கெனவே உள்ள கை வால்வின் நெம்புகோலைப் பிடித்துத் திருப்பும் கருவி கிடைக்கிறது, குழாயின் மேல் கிளாம்ப் போட்டுப் பொருத்துவதுதான், எதையும் அறுக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். கால் சுற்றில் மூடும் நெம்புகோல் வால்வுக்கே அது பொருந்தும். பல சுற்று சுற்றும் சக்கரக் கைப்பிடி கொண்ட கேட் வால்வுக்கு உதவாது. வாங்கும் முன் உங்கள் வால்வை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அந்தச் சிறு மோட்டாராலும் முடியாது. முதலில் வால்வை மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள், அதை அவர் மறுக்கக் காரணமில்லை.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். நாகர்கோவிலில் எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். அப்பா குழாயை மூட மறந்துவிடுகிறார். இங்கிருந்தபடியே கைப்பேசியில் வால்வை இயக்கும்படி அமைத்துவிட்டால் போதுமா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: மூடுவதற்கு உங்கள் கைப்பேசி உதவும். திறக்கும் பொறுப்பை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது வால்வு மூடிக்கொண்டால், வயதான இருவர் தண்ணீரில்லாமல், யாரை அழைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கழிவறையில் இருக்கும்போது நேர்ந்தால் அது அவர்களுக்குப் பெரிய வேதனை. ஆகவே ஒரு குளியலறைக் கிளையையாவது தானியங்கி வால்வுக்குள் கொண்டுவராமல் விட்டுவிடுங்கள்; அங்கே அப்பாவின் மறதிக்குத் தானாக மூடும் அழுத்துக் குழாய் போதும், பேருந்து நிலையங்களில் பார்த்திருப்பீர்கள்.

மற்ற கிளைகளுக்கு, கூடத்தில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில், பெரிய பொத்தான் ஒன்று இருக்கட்டும். ஒருமுறை அழுத்தினால் திறக்க வேண்டும்; அதற்குச் செயலியோ கடவுச்சொல்லோ தேவைப்படக் கூடாது. வால்வு மூடியிருப்பதைச் சிவப்பு விளக்கு காட்டட்டும். எந்த அறையில் தண்ணீர் ஓடுகிறது என்று தமிழில் குரலாகச் சொல்ல வைக்கவும் முடியும். உங்களுக்கு வரும் அதே செய்தி, பக்கத்து வீட்டிலோ அதே தெருவிலோ உள்ள நம்பிக்கையான ஒருவருக்கும் போக வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, பைபாஸ் வால்வை ஒருமுறை அவர் கையாலேயே திருப்பிப் பார்க்க வையுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, மூன்று கை வால்வுகளிலும் ‘தானியங்கி – முன்’, ‘தானியங்கி – பின்’, ‘சுற்று வழி’ என்று தமிழில் பெரிதாக எழுதிய அட்டைகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். பேனாவால் எழுதினால் ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும், பெயின்ட்டில் எழுதுங்கள்.